நன்று என்று நான் எழுதிய கட்டடம்

சட்டமன்றக் குழு எங்கள் பள்ளிக்கூடத்தைப் பார்க்க வருகிறது என்ற செய்தி எனக்கு வாட்ஸ்அப்பில் வந்தது. கல்வி அலுவலகத்திலிருந்து 'அவசரம்' என்று வந்தால் நான் மறுநாள் பார்ப்பேன். 'மிக அவசரம்' என்றால் மதியச் சாப்பாட்டுக்கு அப்புறம். இதில் 'மிக மிக அவசரம்' என்று போட்டிருந்ததால் சாக்பீஸைக் கீழே வைத்துவிட்டு உடனே பார்த்தேன். வியாழக்கிழமை குழு வருகிறதாம், நான் பள்ளியில் இருக்க வேண்டுமாம். வேறெங்கே இருக்கப் போகிறேன் என்று எரிச்சல்தான் வந்தது.

வல்லத்திராக்கோட்டையைத் தாண்டி பஸ்ஸில் இருபது நிமிடம் போனால் வரும் சின்ன ஊரில் நான் தொடக்கப் பள்ளித் தலைமையாசிரியை. தலைமை என்றதும் பின்னால் பெரிய படை இருப்பதாக நினைத்துவிட வேண்டாம். என்னையும் சேர்த்து இரண்டு ஆசிரியைகள், இரண்டு அறைகள், நாற்பத்தொரு பிள்ளைகள். அறைகளின் கூரையில் கம்பி துருப்பிடித்து வெளியே தெரியும். ஒரு சுவரில் தரையிலிருந்து மேலே வரை விரிசல். மழைக்காலத்தில் அதற்குள் என் ஸ்கேல் பாதி போகும். நானே விட்டுப் பார்த்திருக்கிறேன்.

புதுக் கட்டடம் கேட்டு எழுதி எழுதி என் பேனாக்கள் தீர்ந்தன. கடைசியில் ஒரு பட்டியலில் எங்கள் பள்ளியின் பெயர் ஏறியது. பட்ஜெட்டில் பள்ளிக் கட்டடங்களுக்கு ஒதுக்குகிற பணம் சரியான இடத்துக்குத்தான் போகிறதா என்று பார்க்க, எம்.எல்.ஏ.க்கள் சிலரைக் கொண்ட குழு மாவட்டம் மாவட்டமாக வரும். அவர்கள் நேரில் பார்த்துத் 'தேவை' என்று எழுதினால் எங்களுக்கு இரண்டு புது அறைகள். 'தேவையில்லை' என்று எழுதினால் அந்தப் பணம் வேறு ஊருக்குப் போய்விடும். அப்புறம் எங்கள் முறை வருவதற்குள் நான் ஓய்வுபெற்று, கண்புரை ஆபரேஷனும் முடித்திருப்பேன்.

ஆகவே நான் செய்ய வேண்டியது ஒன்றே ஒன்றுதான்: பள்ளிக்கூடத்தை இருக்கிற கோலத்திலேயே விட்டுவைப்பது. அதைக்கூட என்னால் செய்ய முடியவில்லை.

எங்கள் பெற்றோர் குழுவுக்குத் தலைவியாக ஓர் அம்மா இருந்தார். நூறு நாள் வேலைக்குப் போகிறவர். மகள் எங்களிடம் மூன்றாம் வகுப்பு. ஊரில் எல்லாரும் அவரைத் தலைவி என்றே கூப்பிடுவார்கள், கணவர் உட்பட. சட்டமன்றக் குழு வரும் செய்தியை அவரிடம் சொன்னேன். நான் செய்த முதல் தவறு அது.

"சென்னையிலேர்ந்து வாராங்களா? சும்மாவா டீச்சர் நிப்போம்? கல்விச்சீர் வச்சுருவோம்" என்றார்.

எங்கள் பக்கத்தில் இது ஒரு வழக்கம். தாய்மாமன் சீர் கொண்டுவருகிற மாதிரி, ஊரே சேர்ந்து பள்ளிக்கூடத்துக்குச் சீர் கொண்டுவரும். தாம்பாளத்தில் பழம், பாக்கு, சாக்பீஸ் பெட்டி, நோட்டு. பின்னால் நாற்காலி, பீரோ, தண்ணீர்க் குடம். முன்னால் மேளம். நல்ல வழக்கம்தான், நானே கண் கலங்கியிருக்கிறேன். ஆனால் கட்டடம் இடியப் போகிறது என்று காட்ட வேண்டிய வாரத்தில் அதற்குக் கல்யாணம் செய்துவைத்தால் நான் என்ன செய்ய?

"வேணாம்மா. பழசா இருந்தாத்தான் அவங்களுக்குப் புரியும்" என்று மெதுவாகச் சொன்னேன்.

"அதெப்படிங்க டீச்சர்? வெளியூர்க்காரங்க முன்னாடி நம்ம பள்ளிக்கூடம் பொத்தலும் ஓட்டையுமா நின்னா, ஊரைத்தானே பேசுவாங்க? நீங்க அங்கிட்டு ஒக்காருங்க. நாங்க பாத்துக்கிறோம்."

நான் அங்கிட்டு உட்கார்ந்தேன். அவர்கள் பார்த்துக்கொண்டார்கள்.

திங்கட்கிழமை பெயிண்ட் வந்தது. யாரோ புது வீட்டுக்கு வாங்கி மிச்சம் வைத்திருந்த ரோஸ் நிறம். செவ்வாய்க்கிழமைக்குள் மொத்தக் கட்டடமும் பஞ்சுமிட்டாய் நிறத்துக்கு மாறியிருந்தது. கூரையிலிருந்து தெரிந்த கம்பிகளைச் சிமெண்ட் பூசி மறைத்துவிட்டார்கள். விரிசலையும் பூசினார்கள், ஆனால் அது பூச்சுக்கு அடங்காமல் மறுபடி மறுபடி தெரிந்தது. ஊரில் போர்டு எழுதும் ஒருவர் வந்து பார்த்தார். விரிசல் நெடுகிலும் பழுப்பு வண்ணம் அடித்து, அதை ஒரு தென்னை மரமாக மாற்றிவிட்டார். மேலே கிளை பிரிந்த கீறல்கள் எல்லாம் மட்டைகள் ஆயின. மூன்று குலைத் தேங்காய் வேறு. சத்தியமாகச் சொல்கிறேன், அவ்வளவு இயல்பான தென்னையை நான் படத்தில் பார்த்ததில்லை.

புதன்கிழமை சீர் வந்தது. பன்னிரண்டு நாற்காலிகள், ஒரு இரும்பு பீரோ, நான்கு மின்விசிறிகள். மின்விசிறி மாட்ட வந்த எலக்ட்ரீஷியன் ஏணியில் ஏறி, கூரையை ஒரு தட்டுத் தட்டிவிட்டு, ஏறியதைவிட வேகமாக இறங்கினார். "கொக்கி அடிச்சா ஃபேனு நிக்காதுங்க டீச்சர். கூரையும் சேந்து வந்துரும்" என்றார். அதனால் மின்விசிறிகள் பெட்டியோடு பீரோவின் மேல் வரிசையாக உட்கார்ந்தன. நாற்காலிகளின் பாலித்தீன் உறையைப் பிரிக்கத் தலைவி விடவில்லை. பிரித்தால் புதுசு என்று தெரியாதாம்.

வியாழக்கிழமை பதினோரு மணிக்கு ஏழெட்டு வண்டிகள் வந்து நின்றன. மேளம், கோலம், சந்தனம், பன்னீர். பன்னீரைத் தெளித்த பிள்ளை உற்சாகத்தில் குழுத் தலைவரின் கண்ணாடி மீதே தெளித்துவிட்டது. அவர் வயதானவர், பல தடவை எம்.எல்.ஏ. ஆனவர். கண்ணாடியை வேட்டித் தலைப்பில் துடைத்துப் போட்டுக்கொண்டு கட்டடத்தை ஏறிட்டுப் பார்த்தார். முகம் மலர்ந்தது. அது மலரக் கூடாது என்றுதான் நான் வேண்டியிருந்தேன்.

எல்லாரும் பெரிய அறைக்குள் வந்து உட்கார்ந்தார்கள். உட்கார்ந்தவர்கள் அசையும்போதெல்லாம் பாலித்தீன் கிறீச்சென்றது. குழுத் தலைவர் சுவரைப் பார்த்து, "தென்னை மரம் ரொம்ப நல்லாருக்கும்மா. அரசுப் பள்ளிக்கூடத்தை இந்த மாதிரி வச்சிருக்கிறதைப் பாக்கவே சந்தோஷமா இருக்கு" என்றார். வாசலில் நின்றிருந்த தலைவி பக்கத்துப் பெண்ணின் இடுப்பில் இடித்தார்.

பிறகு குழுத் தலைவர் ஃபைலைப் பிரித்தார். "இவ்வளவு நல்லா இருக்கிறப்ப புதுக் கட்டடம் எதுக்கு?"

"வெளியிலதாங்கய்யா நல்லாருக்கு. இது ரொம்பப் பழுது" என்றேன்.

அவர் இன்னொரு தாளை எடுத்தார். "வருஷா வருஷம் ஆன்லைன்ல கட்டட நிலைமை அனுப்புறீங்கல்ல. அஞ்சு வருஷமா 'நன்று'ன்னு இருக்கு. யார் அனுப்புனது?"

அனுப்பியது நான்தான்.

இதைக் கொஞ்சம் விளக்கிவிடுகிறேன். அந்தப் படிவத்தில் மூன்று கட்டங்கள் இருக்கும்: நன்று, சிறு பழுது, பெரும் பழுது. சிறு பழுது என்று போட்டால் இன்னும் நாலு படிவம் வரும். பெரும் பழுது என்று போட்டால் மறுநாளே அறையைப் பூட்டச் சொல்லி உத்தரவு வரும், ஆனால் பிள்ளைகளை எங்கே உட்கார வைப்பது என்று எந்த உத்தரவும் வராது. நன்று என்று போட்டால் ஒன்றுமே வராது. நான் ஒன்றுமே வராததைத் தேர்ந்தெடுத்தேன். ஒரு கையால் நன்று என்று அனுப்பிவிட்டு, மறு கையால் கட்டடம் விழப்போகிறது என்று மனு எழுதிக்கொண்டிருந்தேன். இரண்டும் சென்னையில் ஒரே மேசைக்குப் போய்ச் சேரும் என்று யார் கண்டார்கள்?

"நாந்தாங்கய்யா அனுப்புனேன். அது பொய்" என்றேன்.

அறையில் பாலித்தீன் சத்தம்கூட நின்றுவிட்டது. என் மேலதிகாரி ஒருவர் ஜன்னல் வழியே தூரத்தில் எதையோ பார்க்க ஆரம்பித்தார். எனக்குச் சார்ஜ் மெமோ கண்முன் வந்து நின்றது.

"அது பொய்ன்னா, இப்ப சொல்றது மட்டும் உண்மைன்னு நான் எப்படிம்மா எடுத்துக்கிறது?" குழுத் தலைவர் கோபப்படவில்லை. நிஜமாகவே கேட்டார். அதுதான் இன்னும் கஷ்டமாக இருந்தது.

எழுந்து சுவரருகே போனேன். "நீங்க பாராட்டுன தென்னை மரம் விரிசலுங்கய்யா" என்றேன். ஸ்கேலை எடுத்து அடிமரத்தில் அழுத்தினேன். பெயிண்டைக் கிழித்துக்கொண்டு ஸ்கேல் உள்ளே போய் நின்றது. குழுத் தலைவர் மேலே நிமிர்ந்து, விரிசல் எங்கே முடிகிறது என்று தேங்காய்க் குலை வரை பார்த்தார். வாசலில் தலைவியின் முகம் சுருங்கியது.

ஆனால் குழுத் தலைவர் அனுபவசாலி. விரிசலை மட்டும் பார்த்து முடிவு செய்கிறவர் இல்லை. ஃபைலிலிருந்து மூன்றாவது தாளை எடுத்தார். "கட்டடம் உறுதியா இருக்குன்னு பொறியாளரும் சான்று குடுத்திருக்காரே. அவர் வந்திருக்காரா?"

வந்திருந்தார். வருஷத்துக்கு ஒரு தடவை பைக்கில் வந்து, ஹெல்மெட்டைக் கழற்றாமலே, "நன்றுன்னுதானே போட்டிருக்கீங்க டீச்சர்?" என்று கேட்பார். ஆமாம் என்பேன். அதை நம்பி அவர் 'உறுதி' என்று கையெழுத்துப் போடுவார். அவர் உறுதி என்று போட்டிருக்கிறாரே என்று அடுத்த வருஷம் நான் தைரியமாக 'நன்று' போடுவேன். இப்படியே நாங்கள் இரண்டு பேரும் அந்தக் கட்டடத்தை ஐந்து வருஷமாகக் கையெழுத்தாலேயே தாங்கிப் பிடித்துக்கொண்டிருந்தோம்.

இப்போது அவர் வெளியே வேப்பமரத்தடியில் நின்றுகொண்டிருந்தார்.

"உள்ள வாங்க தம்பி" என்று கூப்பிட்டார் குழுத் தலைவர்.

"இருக்கட்டுங்கய்யா. இங்கிட்டே நிக்கிறேன். காத்து நல்லா வருது."

"நாற்காலி காலியா இருக்கு. வந்து ஒக்காருங்க."

"பரவால்லைங்கய்யா."

"ஒங்க கையெழுத்தைப் பத்திக் கேக்கணும். உள்ள வாங்க."

பொறியாளர் இரண்டடி எடுத்து வைத்தார். வாசலுக்கு வந்தார். ஒருமுறை கூரையை நிமிர்ந்து பார்த்தார். அங்கேயே நின்றுவிட்டார். கேட்டதற்கெல்லாம் வாசற்படிக்கு வெளியே நின்றே பதில் சொன்னார். மூன்றாவது பதிலுக்குள் குழுத் தலைவருக்குப் புரிந்துவிட்டது. தாள்களை ஒழுங்காக அடுக்கி ஃபைலுக்குள் வைத்து, மெல்ல எழுந்தார்.

"எல்லாரும் வெளிய போயிருவோமே" என்றார்.

அவ்வளவு மரியாதைக்குரிய கூட்டம் அவ்வளவு வேகமாக ஓர் அறையைக் காலி செய்ததை நான் பார்த்ததில்லை. வாசலில் யார் முதலில் போவது என்ற உபசாரமெல்லாம் கிடையாது. வேப்பமரத்தடியில் நின்றே எழுதினார்கள். புதுக் கட்டடம் தேவை என்று எழுதினார்கள். இரண்டு அறைகளையும் அன்றே பூட்ட வேண்டும், புதுசு வரும் வரை ஊர்ச் சமுதாயக் கூடத்தில் வகுப்பு நடக்கட்டும் என்று அதிகாரிகளிடம் சொல்லி, அவர்கள் தலையாட்டியதையும் பார்த்துவிட்டுத்தான் குழுத் தலைவர் வண்டி ஏறினார். எனக்கு மெமோ வந்தது. விளக்கம் எழுதிக்கொடுத்தேன். அது பெரிய விஷயமில்லை.

வண்டிகள் போன பிறகு எனக்குச் சிரிப்புப் பொத்துக்கொண்டு வந்தது. பொறியாளர் வாசலில் நின்ற நிலையை நினைத்து நினைத்துச் சிரித்தேன். வேண்டியது கிடைத்துவிட்டது, இனி என்ன? தலைவி பூட்டை எடுத்துக்கொண்டு வந்தார். நான் சிரிப்பதைப் பார்த்துக்கொண்டு நின்றார். அவர் சிரிக்கவில்லை.

"அந்த சாரு ஒரு நிமிஷம் உள்ள வர மாட்டேன்ட்டாருல்ல டீச்சர்" என்றார்.

"ஆமா" என்றேன், சிரிப்பு முழுதாக அடங்காமல்.

"ஒங்களுக்கு முன்னமே தெரியுமா, இது இவ்வளவு மோசம்னு?"

தெரியும் என்றேன். வேறென்ன சொல்வது? ஸ்கேலை விட்டுப் பார்த்தவள் நான்.

"பழசுன்னு எங்களுக்கும் தெரியுங்க. ஆனா டீச்சரே நாள் பூரா உள்ள ஒக்காந்திருக்காங்க, ஒண்ணும் ஆகாதுன்னுதான் புள்ளையை அனுப்புனேன்."

குரலை உயர்த்தவில்லை. கதவை இழுத்துப் பூட்டி, சாவியை என் கையில் கொடுத்தார். கோலத்தின் மேல் நின்று விளையாடிக்கொண்டிருந்த மகளைக் கூப்பிட்டு, அவள் பையை வாங்கித் தன் தோளில் மாட்டிக்கொண்டு நடந்தார். அவர்கள் தெருமுனை திரும்பும் வரை நான் சாவியோடு அங்கேயே நின்றேன்.