திரை மூலையில் ஓர் ‘அ’

என் அம்மா பாடும் பிரார்த்தனைப் பாட்டை ஒரு தாளில் எழுதி, மடித்து, எப்போதும் கூடவே வைத்திருந்தேன். மடிப்பெல்லாம் கிழிந்து, வியர்வையில் மை கரைந்து, கடைசி வரிகள் இருந்த இடம் வெறும் நீலக் கறையாகிவிட்டது. ஒருநாள் மதியம் சாப்பாட்டுப் பையைத் திறந்தால் டப்பாவுக்கு மேலே ஒரு புது அட்டை. அதே பாட்டு, என் கண்ணுக்குத் தக்கபடி பெரிய பெரிய எழுத்தில். கடைசி வரிகளும் இருந்தன. நான் தாள் மடித்துக்கொண்டே வாய்க்குள் பாடுவதைக் கேட்டுத்தான் அடித்திருக்க வேண்டும். யார் வைத்தது என்று ஒருவரும் சொல்லவில்லை. சொல்லவும் வேண்டியதில்லை. எங்கள் அச்சகத்தில் அப்போது எழுத்து அடிக்கத் தெரிந்தவர் ஒருவர்தான்.

அவரை நாங்கள் எழுத்தக்கா என்போம். நான் பைண்டிங் பக்கம். தாளை மடித்து, தைத்து, பசை தடவுவது என் வேலை. அக்காவின் கம்ப்யூட்டர் என் மேசைக்கு எதிரே, ஜன்னலோரம் இருந்தது. பழைய தட்டச்சு மிஷினில் பழகிய விரல்கள் அவருடையவை. திரையையும் பார்க்க மாட்டார், சாவிகளையும் பார்க்க மாட்டார். ஜன்னல் வழியே தெருவைப் பார்த்தபடியே பக்கம் பக்கமாக அடித்துத் தள்ளுவார். முதலாளி எந்தத் தாளை எடுத்தாலும், “எழுத்து, இது சரிதானே?” என்று அவரிடம்தான் கேட்பார். டீ வந்தால் முதல் கிளாஸ் அந்த மேசைக்குத்தான் போகும்.

இப்படி இருந்த இடத்தில் முதலாளியின் தங்கை மகள் வந்து சேர்ந்தாள். அவர் பாப்பா என்று கூப்பிட்டதால் எங்களுக்கும் அவள் பாப்பா. படம் வரைவது, புத்தகத்துக்கு அட்டை போடுவது எல்லாம் கம்ப்யூட்டரிலேயே படித்தவள். இருந்ததோ ஒரே கம்ப்யூட்டர். காலையில் அக்கா, சாப்பாட்டுக்குப் பிறகு பாப்பா என்று முதலாளி பிரித்துவிட்டார்.

அக்கா அன்றைக்கே என் மேசைக்கு வந்துவிட்டார். “ஒரு மிஷினுக்கு ரெண்டு ஆளு எத்தனை நாளைக்குடி? ஒருத்தி போகணும். முதலாளி தங்கச்சி மகளையா போகச் சொல்லுவாரு?” என்றார்.

“ஆண்டவன் பாத்துக்குவான்க்கா” என்றேன்.

“உன் ஆண்டவனுக்குக் கம்ப்யூட்டர் தெரியுமா?”

டீயின் முதல் கிளாஸ் சில நாள் பாப்பாவுக்குப் போயிற்று. “படத்தப் பாப்பா பாத்துக்கும், நீ எழுத்த மட்டும் பாரு” என்று முதலாளி சொன்னதையும் கேட்டேன். அக்கா சிரித்துக்கொண்டே தலையாட்டினார். அன்று முழுக்க சாவிகள் அடிவாங்கின சத்தம் தெருவுக்கே கேட்டிருக்கும்.

இதெல்லாம்கூட அக்கா பொறுத்துக்கொண்டார். பொறுக்க முடியாதது காலையில் நடந்தது. கம்ப்யூட்டரைத் திறந்தால் பாப்பாவின் பாட்டு, பாப்பாவின் படம் போடும் பெட்டி, பாப்பா விளையாடும் ஏதோ ஒன்று, எல்லாம் கேட்காமலே ஒன்றன்மேல் ஒன்றாக வந்து விழும். கடைசியில் அவள் அரட்டையடிக்கும் ஜன்னல் திறந்து, திரை நிறைய அவள் போட்டோ பல்லைக் காட்டும். அக்காவின் எழுத்து தலைகாட்டுவதற்குள் நான் ஒரு கட்டுத் தாள் மடித்து முடித்துவிடுவேன்.

“காலங்காத்தால இவ மூஞ்சியிலயா நான் முழிக்கணும்? வேணும்னே வெச்சிட்டுப் போறாடி!”

கம்ப்யூட்டர் ரிப்பேர்காரர் வந்து பார்த்தார். “மிஷின் மேல தப்பில்லம்மா. கண்ணு முழிக்கும்போதே பத்து பேரு தலையில ஏறி உக்காந்தா யாருதான் எழுந்திருப்பா?” என்றார். மூன்று சாவிகளை ஒன்றாக அழுத்தினார். ஒரு பட்டியல் வந்தது. அதில் ஸ்டார்ட்அப் என்ற இடத்தைக் காட்டினார். கம்ப்யூட்டர் திறக்கும்போது தானாகக் கிளம்புகிறவை எல்லாம் அங்கே வரிசையாக நின்றன. ஒன்றின்மேல் வைத்து வலதுபக்கம் அழுத்தி, நிறுத்து என்றால் நின்றுவிடுமாம்.

“அழிஞ்சிடுமா?” என்று அக்கா ஆசையாகக் கேட்டார்.

“அழியாது. கூப்பிட்டா வரும், கூப்பிடாம வராது. அவ்வளவுதான். ஆனா ஒண்ணு, என்னன்னு தெரியாததத் தொடாதீங்க.”

முன்பாதியை மட்டும் அக்கா காதில் வாங்கிக்கொண்டார். அன்று சாப்பாட்டுக்கு முன்னாலேயே என்னைப் பக்கத்தில் உட்காரவைத்து எனக்கும் அதைக் காட்டினார், பழிவாங்குவதற்குச் சாட்சி வேண்டும் போல. பாட்டு நின்றது. விளையாட்டு நின்றது. அரட்டை ஜன்னலை நிறுத்தும்போது, “போடி, போய்ப் படு” என்று அந்தப் போட்டோவிடமே சொன்னார்.

மறுநாள் எல்லாம் மறுபடி வந்துவிட்டன. அக்கா நிறுத்த, பாப்பா திறந்துவிட, ஒரு சொல் பேசாமல் இரண்டு பேரும் சண்டை போட்டார்கள். நேரில் பார்த்தால் “சாப்பிட்டீங்களாக்கா?” “ஆச்சும்மா.” தேன் ஒழுகும்.

ஒருநாள் சாயங்காலம், பாப்பா வீட்டுக்குக் கிளம்பியதும், அக்கா பட்டியலைச் சுத்தமாகத் துடைத்த பிறகும் ஒரு பெயர் மிச்சமிருந்தது. ஆங்கில எழுத்தும் எண்ணும் கலந்து, வண்டி நம்பர் மாதிரி.

“இது என்னக்கா?”

“பேரப் பாரு, ஆளு மாதிரியே வாயில நுழையல. அவளோடதுதான்.” அதையும் நிறுத்தினார்.

அடுத்த நாள் காலை கம்ப்யூட்டர் பூப்போலத் திறந்தது. போட்டோ இல்லை, பாட்டு இல்லை. அக்கா முகத்தில் அவ்வளவு வெளிச்சத்தை நான் பார்த்ததில்லை. பள்ளிக்கூடத்துத் தலைமை ஆசிரியை பரீட்சைக் கேள்வித்தாளில் திருத்தம் போட்டுக் கையோடு வாங்கிப்போக வந்து உட்கார்ந்திருந்தார். அக்கா வழக்கம்போல் தெருவைப் பார்த்தபடி அடித்தார். திரும்பிப் பார்த்தால் திரையில் ஒரு தமிழ் எழுத்து இல்லை. எல்லாம் ஆங்கிலக் கிறுக்கல். அழித்து அடித்தார். அதே கிறுக்கல்.

“பாவி! என் எழுத்தையே எடுத்துட்டா!”

முதலாளி ஓடிவந்தார். பாப்பாவுக்கு போன் போயிற்று. தலை ஈரம்கூடக் காயாமல் அவள் வந்து நின்றாள். அக்கா எல்லோர் முன்னாலும் அழுதார். “என் வயித்துல அடிச்சிட்டாளே, முதலாளி. இவளுக்கு நான் என்ன பாவம் பண்ணினேன்?”

தலைமை ஆசிரியை மணி பார்த்தார். முதலாளி இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு, “பாப்பா, நீ உன் மாதிரி அடிச்சுக் குடுத்துடேன்” என்றார். பாப்பா அடிக்கும் முறை வேறு. ஆங்கில எழுத்தைத் தட்டினால் அது தமிழாக விழும். அவளுக்கு அக்காவின் சாவிகள் தேவையே இல்லை.

அக்காவின் அழுகை அப்படியே நின்றது. எந்த வார்த்தைக்கு இத்தனை நாள் பயந்தாரோ அந்த வார்த்தை வந்துவிட்டது. நான் கண்ணை மூடி ஆண்டவனைக் கூப்பிட்டேன்.

பாப்பா உட்கார்ந்தாள். ஆனால் அடிக்கவில்லை. மூன்று சாவிகளை அழுத்தி அந்தப் பட்டியலைத் திறந்தாள். வண்டி நம்பர் பெயரில் நின்றாள். அதைக் கிளப்பினாள். உடனே திரையின் கீழ் மூலையில் சின்னதாக ஓர் ‘அ’ வந்து உட்கார்ந்தது. அக்கா தட்டுவதையெல்லாம் தமிழாக்குவது அதுதான். அக்காவுக்குத் தன் தமிழை அந்த ‘அ’வாகத்தான் தெரியும். அதற்கு இப்படி ஒரு பெயர் இருப்பதை அவர் ஒருநாளும் பார்த்ததில்லை. அன்று காலை அது இல்லாததையும் பார்க்கவில்லை. போட்டோ இல்லாததை மட்டும்தான் பார்த்திருந்தார்.

பாப்பா அக்காவை ஒரு தரம் ஏறிட்டுப் பார்த்தாள். பிறகு, “மாமா, என் தப்புதான். வேண்டாதத நிறுத்தும்போது இதையும் சேத்து நிறுத்திட்டேன் போல” என்றாள். முதலாளி அவளைத் திட்டித் தீர்த்துவிட்டுப் போனார். அக்கா கேள்வித்தாளை அடித்து முடித்தார். தலைமை ஆசிரியையும் போய்விட்டார்.

அக்கா உருகிப்போவார் என்று நினைத்தேன். என்னிடம் வந்து பல்லைக் கடித்தார். “பாத்தியாடி? படம் போச்சு, டீ போச்சு, மிஷினும் பாதி போச்சு. நல்லவங்கிற பேரு ஒண்ணுதான் எனக்கு மிச்சமிருந்துச்சு. அதையும் எடுத்துக்கிட்டா!”

“அவ உங்களக் காப்பாத்தினாக்கா.”

“அதைத்தான் சொல்றேன்! இவ யாரு என்னைக் காப்பாத்த?”

சொல்லிவிட்டு விறுவிறுவென்று முதலாளி அறைக்குப் போனார். “நிறுத்தினது நான்தான். அவ இல்ல. அவ மூஞ்சியப் பாக்கப் பிடிக்காம நிறுத்தினேன்” என்று அவர் சொன்னது வெளியே எல்லோருக்கும் கேட்டது. பொறாமையும் ஒரு மனுஷியை உண்மை பேச வைக்கும் என்று அன்றைக்குத் தெரிந்துகொண்டேன். ஆண்டவன் எந்த வழியாக வருவான் என்று யார் கண்டது?

முதலாளி விழுந்து விழுந்து சிரித்தார். பாப்பாவும் சிரித்தாள். “அந்தப் போட்டோ எனக்கே பிடிக்கலக்கா, எடுத்துடறேன்” என்றாள். “மூஞ்சி அப்படி, போட்டோ என்ன பண்ணும்?” என்றார் அக்கா. பாட்டையும் விளையாட்டையும் பாப்பாவே நிறுத்திக்கொண்டாள். தானாகக் கிளம்புவது அக்காவின் ‘அ’ மட்டும் என்றாயிற்று. அதன் பிறகும் அக்காவின் பொறாமை போய்விடவில்லை. பாப்பா போட்ட அட்டைகளில் ஒற்றுப்பிழை தேடிக்கொண்டே இருந்தார். கிடைத்த அன்று எனக்கும் சேர்த்து டீ சொல்வார். கிடைக்காவிட்டால், “படம் போடறவளுக்கு ஒற்று எதுக்கு இவ்வளவு சரியா வருது?” என்று அதற்கும் எரிவார்.

பிற்பாடு, கண் வைத்தியர் இனித் திரையே பார்க்கக் கூடாது என்று சொல்லிவிட்டதால் அக்கா வேலையை விட்டார். வேறு ஊரில் இருக்கும் தங்கை வீட்டுக்குப் போகிற அன்று நான்தான் பஸ் நிறுத்தம் வரை போனேன். பாப்பா தன் கையால் வரைந்து கொடுத்த அட்டை அக்காவின் பையில் இருந்தது. அதிலும் ஒரு பிழையைக் கண்டுபிடித்து வைத்திருந்தார். பஸ் வந்தது. படியில் ஒரு கால் வைத்தவர் திரும்பி என் கையைப் பிடித்தார்.

“நாளைக்குக் காலையில மிஷின் திறந்ததும் அந்த மூலையப் பாரு. என் ‘அ’ அங்க இருக்கா, அவ நிறுத்திட்டாளான்னு பாத்து எனக்கு போன் போடு. நிறுத்தியிருந்தாலும் இருக்குன்னு சொல்லு. நீதான் பொய் சொல்ல மாட்டியே... அதனால மொதல்ல நீயே அதத் திறந்து விட்டுட்டு, அப்புறம் சொல்லு.”