ஒரே ரத்தம், இரண்டு குழாய்கள்

ரத்தக்குழாய்த் துண்டுகளை ஆராயும் கூடத்தில் அவளுக்கு வேலை. ஒரே மனிதரின் இதயக் குழாயில் கொழுப்பு அடைத்துக் கிடக்கும். நெஞ்சுச் சுவர்க் குழாயோ பளிச்சென்று இருக்கும். ஒரே ரத்தம்தானே ஓடுகிறது, பிறகு ஏன் இப்படி என்ற கேள்வி அவள் மண்டையைக் குடைந்தது.

அன்று மதியம் விடையின் நுனி திரையில் தெரிந்தது. இரண்டு குழாயிலும் மரபணுக்கள் ஒன்றுதான்; ஆனால் அழற்சியைத் தூண்டி அடைப்பை வளர்ப்பவை இதயக் குழாயில் மும்முரமாய் வேலை செய்தன, நெஞ்சுக் குழாயில் அடங்கிக் கிடந்தன. சந்தோஷத்தில் அவளுக்குத் தலைகால் புரியவில்லை. பைபாஸ் முடிந்து வீட்டிலிருந்த அண்ணனுக்குப் போன் போட்டாள்.

"அண்ணா, நெஞ்சுக் குழாயைத்தானே உன் இதயத்துல வச்சுத் தச்சாங்க? அது ஏன் சுலபத்துல அடைக்காதுன்னு இப்பதான் புரிய ஆரம்பிச்சிருக்கு."

"அப்ப டாக்டர் சொன்ன நடையை விட்டுடலாமா?"

"அதெல்லாம் முடியாது," என்று சிரித்தவள், சாப்பாட்டை மறந்து அடுத்த துண்டை எடுத்தாள்.