பிடிபட்டவன் வந்துவிடுவான்

எங்கள் தெருவில் "பிடிச்சிட்டாங்க" என்று யாராவது ஓடி வந்தால் நாங்கள் முதலில் கேட்பது "சுட்டாங்களா?" என்றுதான். சுடவில்லை என்றால் போன உயிரில் பாதி திரும்பி வந்துவிடும். எல்லை தாண்டியதாகச் சொல்லி இலங்கைக் கடற்படை படகோடு கொண்டுபோகும். யாழ்ப்பாணத்தில் ஜெயிலில் வைப்பார்கள். இங்கே பஞ்சாயத்தார் தொழிலை நிறுத்துவார்கள். பெண்கள் நாங்கள் காரைக்கால் பஸ் ஸ்டாண்டு பக்கம் சாலையில் உட்காருவோம். அதிகாரி ஒருவர் வந்து "கொஞ்சம் பொறுங்கம்மா" என்பார். அந்தக் கொஞ்சம் சில சமயம் மாதக்கணக்கில் நீளும். படகு வராது, வலை வராது, ஆனால் ஆள் வந்துவிடும்.

என் வீட்டுக்காரர் அப்படிப் போய் வந்தவர். அதனால் தெருவுக்கு நான் ஒரு வக்கீல் மாதிரி ஆகிவிட்டேன். யாரையாவது பிடித்தால் அந்த வீட்டுப் பெண் முதலில் என்னிடம்தான் வருவாள். எந்த ஆபீசுக்குப் போக வேண்டும், யாரிடம் அழ வேண்டும், யாரிடம் அழுது புண்ணியமில்லை என்றெல்லாம் சொல்லுவேன். கடைசியில் எப்போதும் ஒரே பேச்சுதான். "பிடிச்சிட்டாங்கன்னா வந்துடுவாங்க. போயி உலை வை." அதைக் கேட்கத்தான் அவர்கள் வருகிறார்கள் என்பது எனக்கும் தெரியும்.

என் தம்பி கடலுக்குப் போகாதவன். அவனுக்குத் தண்ணியில் கண்டம் என்று எப்போதோ ஒரு ஜோசியர் சொன்னதை அம்மா விடாமல் பிடித்துக்கொண்டிருந்தாள். என் வீட்டுக்காரர் எலும்பும் தோலுமாக ஜெயிலிலிருந்து வந்து நின்றதைப் பார்த்ததும் முடிவே கட்டிவிட்டாள். "ஒரு புள்ளையாவது தரையில பொழைக்கட்டும்" என்றாள். அவன் ஹோட்டல் படிப்பு படித்தான். ஓர் ஏஜென்ட் வேலை பார்த்துக் கொடுத்தான். வடக்கே ஒரு குளிர் நாடு, சமையல்கூடத்தில் வேலை. அந்த நாட்டின் பெயரை நான் இப்போது சொல்வதில்லை. சொன்னால் வாய் கசக்கிறது.

போய்ச் சேர்ந்த கொஞ்ச நாளில் ஒரு போட்டோ அனுப்பினான். சமையல்காரன் சட்டை இல்லை, பட்டாளத்துச் சட்டை. படிக்கத் தெரியாத பாஷையில் எதையோ நீட்டிக் கையெழுத்து வாங்கிவிட்டார்களாம். "சண்டைக்குப் பின்னாடி சாமான் தூக்குற வேலைதான்க்கா, அம்மாகிட்ட சொல்லாத" என்றான். சொன்னேன். பெற்றவளிடம் மறைக்கிற சாமர்த்தியம் எனக்கு இல்லை. அப்புறம் போன் நின்றுவிட்டது. பக்கத்து நாட்டோடு அவர்களுக்கு என்ன சண்டை என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. அவனுக்கும் விளங்கியிருக்காது.

ஒரு முற்பகலில் துறைமுகத்தில் ஏலத்துக்கு நின்றுகொண்டிருந்தேன். என் வீட்டுக்காரர் போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு வந்தார். எதிரி நாட்டுக்காரர்கள் தாங்கள் பிடித்து வைத்திருந்த வெளிநாட்டு ஆட்களைப் பேசவைத்து எடுத்த வீடியோ. தம்பி ஒரு நாற்காலியில் உட்கார்ந்திருந்தான். பெயரைச் சொன்னான், ஊர் காரைக்கால் என்றான், தனக்குச் சண்டை போடத் தெரியாது என்று ஆங்கிலத்தில் சொன்னான். பயந்தால் காது மடலைப் பிடித்து இழுப்பான், சின்ன வயதிலிருந்தே அந்தப் பழக்கம். வீடியோ முடியும்வரை பார்த்தேன், ஒரு தடவைகூட இழுக்கவில்லை. மீன் கூடைகளுக்கு நடுவே உட்கார்ந்து அழுதேன். சந்தோஷத்தில்தான் அழுதேன்.

அம்மா அதைத் திரும்பத் திரும்பப் போடச் சொல்லிப் பார்த்தாள். "சாப்பாடு போடுறாங்க போலருக்கு. கன்னம் தெளிஞ்சிருக்கு" என்றாள்.

"அவ்வளவுதாம்மா. பிடிச்சிட்டாங்கன்னா வந்துடுவாங்க. போயி உலை வை" என்றேன்.

தெருவே அதைத்தான் சொன்னது. தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று என்றார்கள். வேறு ஊராக இருந்தால் மகன் எதிரியிடம் சிக்கினான் என்று மாரடித்து அழுதிருப்பார்கள். நாங்கள் பாயசம் வைத்தோம். அம்மா பஸ் ஏறி அம்பகரத்தூர் அம்மனிடம் வேண்டிக்கொண்டு வந்தாள். விடுதலையாகி வருகிறவர்கள் கட்டிய துணியோடுதான் வருவார்கள் என்பதால், கூட்டிவரப் போகும்போது புதுச் சட்டை, கைலி கொண்டுபோவது எங்கள் வழக்கம். நான் கடைக்குப் போய் நீலத்தில் ஒரு சட்டை எடுத்தேன். கன்னம் தெளிந்திருக்கிறதே என்று ஒரு அளவு கூட்டியே எடுத்தேன். அவனைப் பிடித்தவர்கள் மேல் எனக்கு அப்படி ஒரு நன்றி இருந்தது. எங்கேயோ ஒரு புண்ணியவதி என் தம்பிக்குச் சோறு போடுகிறாள் என்று நினைத்துக்கொண்டேன்.

அடுத்து வந்த போன் டெல்லியிலிருந்து. தமிழ் தெரிந்த ஓர் அதிகாரி பேசினார். அம்மா பக்கத்தில் மத்தி ஆய்ந்துகொண்டிருந்தாள். அவளும் கேட்கட்டும் என்று நான்தான் ஸ்பீக்கரைப் போட்டேன்.

"கைதிங்கள வச்சிருந்த கட்டடத்து மேல குண்டு விழுந்திருக்குங்க. உங்க தம்பி உள்ளதான் இருந்திருக்காரு. யாரும் பொழைக்கலைங்க."

"யாரு போட்டது?" என்றேன். சாவு என்றால் எங்களுக்கு வாயில் வருகிற முதல் கேள்வி அதுதான்.

அவர் தயங்கினார். "உங்க தம்பி எந்தப் பட்டாளத்துல இருந்தாரோ, அவங்கதாங்க."

"பிடிச்சவங்க இல்லையா?"

"இல்லைங்க. காவலுக்கு நின்ன அவங்க ஆளுங்களும் செத்துட்டாங்க."

அம்மா அரிவாள்மணையை விட்டு எழவில்லை. போனைப் பார்த்து, "உள்ள இவன் இருக்கான்னு அவங்களுக்குத் தெரியாதாங்கய்யா?" என்று கேட்டாள்.

"அது தெரியலைங்கம்மா" என்றார் அவர். தெரியாமல் போட்டார்கள் என்று ஒரு பொய் சொல்லியிருக்கலாம். அந்த மனிதரை நான் ரொம்ப நாள் வெறுத்தேன்.

கோவில் மைக்கில் சாவைச் சொன்னதும் மறுநாள் யாரும் தொழிலுக்குப் போகவில்லை. பஞ்சாயத்தார் வழக்கம்போல் கறுப்புக் கொடிகளை எடுத்து வந்தார்கள். எடுத்து வந்து நின்றுவிட்டார்கள். கடலில் எங்கள் ஆள் செத்தால் எதிர்த்துக் கத்த யாராவது ஒருத்தர் இருப்பார்கள். இவனுக்கு யாரை எதிர்த்துக் கத்துவது? பிடித்தவன் சோறு போட்டான். கொன்றவன் கொடுத்த சட்டையைத்தானே இவன் போட்டிருந்தான். "வேலியே பயிரை மேஞ்சிடுச்சு" என்றார் தலைவர். "பயிருன்னு நெனச்சிருந்தாத்தானே" என்று சொல்லிவிட்டு உள்ளே போனேன். கொடிகளைச் சுருட்டிக் கோவிலிலேயே வைத்துவிட்டார்கள்.

உடல் வரவில்லை. யாருடையது எது என்று பிரிக்க முடியவில்லையாம். காரியத்தன்று உடலுக்குப் பதிலாக அந்த நீலச் சட்டையை எரித்துவிடலாம் என்று உறவுக்காரர்கள் சொன்னார்கள். அம்மா கொடுக்கவில்லை. "அவன் போடாத சட்ட எப்படி அவனாவும்?" என்று கேட்டாள். சட்டை பீரோவில் இருக்கிறது, கடைக்காரன் குத்திய குண்டூசிகூட எடுக்கவில்லை. ஜோசியர் சொன்னதை நினைத்தால் சிரிப்பு வருகிறது. தண்ணீர் என் தம்பியை ஒன்றும் செய்யவில்லை.

போன மாதம் மறுபடியும் ஒரு படகைப் பிடித்தார்கள். கல்யாணமாகிக் கொஞ்ச காலம்தான் ஆன ஒரு பெண் இடுப்பில் குழந்தையோடு வந்தாள். அவளுக்கு இது முதல் தடவை. எந்த ஆபீஸ், யாரிடம் பேச வேண்டும் எல்லாம் சொன்னேன். சொல்லி முடித்த பிறகும் போகாமல் நின்றாள். எதற்கு நிற்கிறாள் என்று தெரிந்தது. அம்மா வாசலில் கருவாடு புரட்டிக்கொண்டிருந்தாள்.

"வந்துடுவாருல்லக்கா?" என்றாள் அந்தப் பெண்.

வேறு எதைச் சொல்ல? இருபது வயது முகத்தைப் பார்த்து எனக்குத் தெரிந்ததைச் சொல்லவா முடியும்? "பிடிச்சிட்டாங்கன்னா வந்துடுவாங்க. போயி உலை வை" என்றேன். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு போனாள்.

அவள் தெருவைத் தாண்டினாள். அம்மா கருவாட்டிலிருந்து தலையைத் தூக்காமலே சொன்னாள்.

"எங்கிட்டயும் இப்படித்தான் சொன்ன. நானும் போயி உலை வச்சேன்."