பத்தொன்பது மில்லிமீட்டர்

மலையாள எல்லையோரக் கஞ்சிக்கோட்டில் பம்புகளுக்கான உதிரிப்பாகங்கள் செய்யும் ஒரு கம்பெனியில் எனக்குத் தரப் பரிசோதனை வேலை. கடைசல் எந்திரத்திலிருந்து வரும் பித்தளை வளையங்களை வெர்னியர் காலிப்பரில் அளந்து, சரியானதை ஒரு தட்டிலும் தப்பானதை இன்னொரு தட்டிலும் போட வேண்டும். ஒருநாள் காலை அளந்துகொண்டிருக்கும்போதே எண்கள் மங்கின. கண் விழித்தபோது தரையில் கிடந்தேன். பக்கத்து மேசையில் வேலை செய்யும் சூரியநெல்லிப் பெண் என் முகத்தில் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தாள். மலையில் தேயிலை எஸ்டேட்டில் பிறந்து வளர்ந்தவள், இங்கே விடுதியில் தங்கியிருந்தாள்.

"என்னக்கா, காலையில சாப்பிட்டீகளா இல்லையா? உண்மையச் சொல்லுங்க."

சாப்பிடவில்லை. முந்தின நாள் இரவும் சாப்பிடவில்லை. அதைச் சொன்னதும் அவளுக்குக் கோபம் வந்துவிட்டது.

எனக்கு அப்போது இருபத்தொன்பது வயது. எலப்புள்ளியில் ஒரு விவசாயக் குடும்பத்துக்கு மருமகளாக வந்து மூன்று வருடமாகியிருந்தது. வயதுக்கு வந்த நாளிலிருந்தே எனக்கு மாதவிடாய் மாதாமாதம் வந்ததில்லை. இரண்டு மாதம், மூன்று மாதம் என்று இழுக்கும். ஒல்லியான பெண்களுக்கு அப்படித்தான் என்று அம்மா சொல்வாள். கல்யாணத்துக்குப் பிறகு குழந்தை தங்கவில்லை என்று ஸ்கேன் எடுத்தபோதுதான் பிசிஓடி என்று எழுதித் தந்தார்கள். சினைப்பையில் முட்டைகள் முழுதாக வளராமல் சின்னச் சின்னதாகத் தேங்கி நிற்கின்றன என்றார்கள்.

அந்தச் சொல்லைப் போனில் தேடினேன். பார்த்த வீடியோ எல்லாம் ஒன்றையே சொன்னது: எடையைக் குறை. நான் அப்போதே நாற்பத்தாறு கிலோதான். ஆனாலும் குழந்தை வேண்டும் என்கிற வெறியில் சோற்றை விட்டேன், பாலை விட்டேன், இரவுச் சாப்பாட்டையும் விட்டேன். நாற்பத்தொன்றுக்கு இறங்கினேன். எப்போதாவது வந்துகொண்டிருந்ததும் அடியோடு நின்றுபோனது.

சூரியநெல்லிக்காரியின் அக்காவுக்கும் இதே கோளாறு இருந்ததாம். அந்த அக்கா பார்த்த டாக்டரம்மாவிடம் அந்த வாரமே என்னை அழைத்துப்போனாள். டாக்டரம்மா மலையாளி. என் காகிதங்களைப் புரட்டினார், எடை பார்த்தார், நான் செய்ததைக் கேட்டார். பேனாவை மூடி வைத்துவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"தடி குறைக்கான் ஆரு பறஞ்ஞு?" என்று, எடையைக் குறைக்கச் சொன்னது யாரென்று மலையாளத்தில் கேட்டவர், உடனே தமிழுக்கு மாறினார். "குறைக்கறதுக்கு உன் உடம்புல என்ன இருக்கு? ஒல்லியா இருக்கறவங்களுக்கும் இது வரும். அவங்களுக்கு வைத்தியம் பட்டினி இல்லை. பட்டினி கிடந்தா, இது பஞ்ச காலம், இப்பப் பிள்ளை வேண்டாம்னு உடம்பு தானே முடிவு பண்ணிடும்."

மூன்று வருடத்தில் எனக்கு ஒருவரும் சொல்லாத ஒன்றை அவர் சொன்னார். வெட்கத்தை மறந்து அங்கேயே அழுதேன்.

தைராய்டு, சர்க்கரை, மற்ற ஹார்மோன்கள் எல்லாம் ரத்தத்தில் பார்த்தார்கள். கணவரையும் பரிசோதனைக்கு வரச் சொன்னார். "நானுமா?" என்று அவர் ஒருமுறை கேட்டாரே தவிர, மறுப்புச் சொல்லாமல் வந்தார். அவரிடம் குறை எதுவும் இல்லை. எனக்கு ஆண் ஹார்மோன் கொஞ்சம் கூடுதல், சாப்பிட்ட பிறகு இன்சுலினும் கூடுதல். டாக்டரம்மா மூன்று மாத அவகாசம் கேட்டார். மூன்று வேளையும் வயிறாரச் சாப்பாடு, ஒவ்வொரு வேளையும் முட்டையோ பயறோ மீனோ. ஏழு மணி நேரத் தூக்கம். ஃபோலிக் ஆசிட் மாத்திரை. வாரத்துக்கு மூன்று நாள் எடை தூக்கும் பயிற்சி.

வீட்டுக்கு வந்து மாமியாரிடம் சொன்னேன். மாட்டுக்குப் பருத்திக்கொட்டை ஆட்டிக்கொண்டிருந்த அத்தை கையை நிறுத்தினார்.

"அதென்ன அம்மிணி, புள்ளை பெக்கறதுக்கு மூட்டை தூக்கோணுமா?"

"தசை பலமானா உள்ள சுரக்கறது சரியாகுமாங்கத்தை. டாக்டரம்மா சொன்னாங்க."

அத்தை மறுபடி ஆட்டத் தொடங்கினார். "சரி, தூக்கு. நம்ம ஊட்டுல மூட்டைக்கா பஞ்சம்?"

மறுநாள் நெல் களஞ்சியத்தில் ஒரு துணிப்பையில் ஐந்து கிலோ நெல் அளந்து கட்டிக் கொடுத்தவர் அவர்தான். அதை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு உட்கார்ந்து எழ வேண்டும். முதல் நாள் எட்டுத் தடவையில் தொடை நடுங்கியது. அத்தை எதிரே முறத்தை வைத்துக்கொண்டு எண்ணுவார். நான் ஏமாற்றிப் பாதி உட்கார்ந்தால், "அது கணக்குல வராது, மறுக்கா" என்பார். வாரம் ஒருமுறை பையில் நெல் கூடியது. கம்பெனி பஸ்ஸுக்கு ஓடும்போது அவித்த முட்டை இரண்டை என் கையில் திணிப்பார். மதியத்துக்குத் தட்டைப்பயறுக் குழம்பும் சோறும், டப்பாவின் மூடி மூட மறுக்கும் அளவுக்கு.

இரண்டாம் மாதத்தில் இருபது கிலோப் பையைத் தூக்கிக்கொண்டு உட்கார்ந்து எழுந்தேன். மூன்றாம் மாத முடிவில் என் எடை நாற்பத்தேழு. அதற்கென்று மாத்திரை எதுவும் இல்லாமல் மாதவிடாய் தானாக வந்தது.

அந்தச் சமயம் கொழிஞ்சாம்பாறையில் ஒரு கல்யாணம். அந்த ஊரில் வாழ்க்கைப்பட்ட அத்தையின் நாத்தனார், என் கணவருக்கு அத்தை, பந்தியில் என்னைக் காட்டி, எனக்குக் கேட்கும்படியே சொன்னார்: "எலும்புந் தோலுமா இருந்தா எப்படித் தங்குமுங்க? முதல்லயே பாத்துக் கட்டியிருக்கோணும்."

நான் இலையைப் பார்த்துக் குனிந்துகொண்டேன். அத்தை குனியவில்லை.

"எம்மருமவ இருபது கிலோ நெல்லக் கட்டிப்புடிச்சுட்டு இருபது வாட்டி உக்காந்து எந்திரிக்கறா. நீங்க சும்மா ஒருக்கா உக்காந்து எந்திரிங்க பாக்கலாம்."

பந்தியே சிரித்தது. எனக்கு இன்னொரு ஜாங்கிரி வேண்டும் என்று பரிமாறுகிறவரிடம் நானே கேட்டேன்.

அதற்குப் பிறகுதான் டாக்டரம்மா முட்டையை வளரவைக்கும் மாத்திரையைத் தொடங்கினார். மாதவிடாயின் இரண்டாம் நாளிலிருந்து ஐந்து நாள். பிறகு ஸ்கேனில் வளர்ச்சியைப் பார்த்துக்கொண்டே இருப்பார்கள். முதல் மாதம் எதுவும் நகரவில்லை. முட்டை இருக்கும் பைகள் எல்லாம் ஒன்பது மில்லிமீட்டரிலேயே நின்றன. நான் கலங்கிப்போனேன். டாக்டரம்மா மட்டும் கலங்கவில்லை, அடுத்த மாதம் மாத்திரையின் அளவைக் கூட்டினார்.

இரண்டாம் மாதம், பதினோராம் நாள். திரையில் மற்றவற்றை ஒதுக்கித் தள்ளிக்கொண்டு ஒன்று மட்டும் கறுப்பாக, உருண்டையாக நின்றது. பதினான்கு என்றார்கள். பதிமூன்றாம் நாள் பத்தொன்பது. மில்லிமீட்டர் என் தொழில். பத்தொன்பது எவ்வளவு என்று என் விரல்களுக்குத் தெரியும். அவ்வளவு பெரிதாக, அவ்வளவு சரியாக, என் உடம்பு ஒன்றைச் செய்திருக்கிறது! இரண்டு நாள் கழித்து ஸ்கேன் எடுக்கும் பெண், "பொட்டிட்டுண்டு கேட்டோ" என்று சிரித்தாள். பை வெடித்து முட்டை வெளியேறிவிட்டது என்று அர்த்தம்.

ஆனால் அந்த மாதம் கரு தங்கவில்லை. இருபத்தெட்டாம் நாள் காலை மாதவிடாய் வந்தது. கணவரின் முகம் விழுந்துவிட்டது. "பரவால்ல புள்ள" என்று என் தோளைத் தொட்டார். எனக்கோ சிரிப்பை அடக்க முடியவில்லை.

"ஏனுங்க, இருபத்தெட்டாவது நாளுங்க! என் ஆயுசுல மொதத் தடவையா சொன்ன தேதிக்கு வந்திருக்குது!"

அவர் என்னைக் கொஞ்சம் பயத்தோடு பார்த்தார். அன்று கம்பெனியில் சூரியநெல்லிக்காரிக்கு மட்டும் மிட்டாய் வாங்கிக் கொடுத்தேன். அவளுக்குக் காரணம் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

மூன்றாம் மாதம் இருபத்தெட்டு தாண்டியது, முப்பது தாண்டியது. முப்பத்திரண்டாம் நாள் குளியலறையில் அந்தச் சின்னப் பட்டையில் இரண்டு கோடு. நம்ப முடியாமல் இன்னொன்றிலும் பார்த்தேன். பிறகு இரண்டு வாரம் கழித்து ஸ்கேன் அறையில் ஒரு நெல்மணி அளவில் ஏதோ மினுமினுத்தது. "ஹார்ட்பீட்" என்றார் டாக்டரம்மா. கணவர் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றார். ஏன் கழற்றினார் என்று அவருக்கே தெரியவில்லை.

அத்தை மாலைப் பாலைக் கறந்துகொண்டிருக்கும்போது சொன்னேன். கறப்பதை நிறுத்தவில்லை, திரும்பியும் பார்க்கவில்லை. தோள் மட்டும் குலுங்கியது. எழுந்து வந்து, சொசைட்டிக்குப் போக வேண்டிய பாலை அப்படியே அடுப்பில் ஏற்றிப் பாயசம் வைத்தார். முதல் தூக்குப்போசியை நிரப்பி மூடி என் கணவரிடம் நீட்டினார்.

"கொழிஞ்சாம்பாறைக்குக் கொண்டுபோயி உங்கத்தைக்குக் குடுத்துட்டு வா. சூடா இருக்கறப்பவே குடு."

மகள் நல்ல ஆடி மழையில் பிறந்தாள், இரண்டு கிலோ எண்ணூறு கிராம். பிறந்ததும் அவள் அழுத அழுகையில் பிரசவ அறைக்கு வெளியே இருந்தவர்கள் எழுந்து நின்றுவிட்டார்களாம். அத்தை மட்டும் உட்கார்ந்தபடியே, "அப்படித்தான் கத்தோணும்" என்று சொன்னாராம்.