கழுத்தில் விட்ட எண்ணெய்

என் சைக்கிளின் ஹாண்டிலுக்கு என்ன பிடித்ததோ தெரியவில்லை. காலையில் நேராக இருக்கும். வேலை செய்கிற கந்தோருக்குப் போய்ச் சேருவதற்குள் முன்பக்கமாகக் கவிழ்ந்து தலையைத் தொங்கப்போட்டுவிடும். அதைக் கழுத்தில் இறுக்கிப் பிடிக்கிற நட்டை நானே சாவி போட்டு முறுக்குவேன். இரண்டு நாள் நிற்கும். பிறகு அதே கூத்து.

ஒரு நாள் துறைமுக வீதியில் பஸ் ஒன்றுக்காகப் பிறேக் பிடிக்க, ஹாண்டில் கவிழ்ந்தது. நானும் அதோடு போய் விழுந்தேன். முழங்கை தேய்ந்துவிட்டது. என் கணவர் பக்குவமாக மருந்து பூசிவிட்டு, இன்னொரு தரம் விழுந்தால் சைக்கிளை விற்றுவிடுவேன் என்றார். தானே மோட்டார் சைக்கிளில் ஏற்றி இறக்குவாராம். நாற்பது வயதுக்குப் பிறகு விழுந்தெழும்பிப் பழகிய சைக்கிள் அது. ஒருவரையும் கேட்காமல் நான் வெளிக்கிட்டுப் போவது அதில் மட்டும்தான். வந்த கோபத்தில் அன்றைக்குச் சொதிக்கு உப்பே போடவில்லை.

சந்தைக்குப் பக்கத்துச் சைக்கிள் கடைக்காரர் கழுத்தைக் கழற்றி, ஹாண்டில் குழாயை விரலால் தடவிப் பார்த்தார். விரல் கறுத்து மினுங்கியது.

"அக்கா, இதுக்குள்ள ஆர் எண்ணெய் விட்டது? பிடிக்க வேண்டிய இடத்தில எண்ணெய் விட்டா எப்பிடிப் பிடிக்கும்?"

ஞாயிறு தோறும் சைக்கிளைத் துடைத்து எண்ணெய் விடுவது என் கணவர்தான். சீனன்குடாவில் இருபது வருஷமாக இயந்திரங்களைக் கழற்றிப் பூட்டுகிறவர். கடைக்காரர் குழாயைப் பெற்றோலால் துடைத்து, சோடா டின்னில் வெட்டிய மெல்லிய தகட்டைச் சுற்றி இறுக்கித் தந்தார்.

வீட்டுக்கு வந்து கேட்டேன்.

"கிறீச் கிறீச்செண்டு சத்தம் போடுதெண்டு நீர்தானே சொன்னனீர்? அதுதான் விட்டனான்," என்றார் பேப்பரிலிருந்து கண்ணை எடுக்காமல்.

நான் சொன்னதும் உண்மைதான். ஆனால் ஒரு நட்டு எப்படிப் பிடிக்கும் என்று இந்த மனிதருக்கா தெரியாது? தெரிந்தே விட்டிருந்தால், அவ்வளவு பக்குவமாக மருந்து பூசிய கை யாருடையது? யோசிக்க யோசிக்க மண்டை குழம்பியது.

அடுத்த நாள் காலை வாசல் படலையடிக்கு வந்தார். ஹாண்டிலில் இரண்டு கையையும் வைத்து, உடம்புப் பாரம் முழுவதையும் கொடுத்து அமத்தினார். அசையவில்லை. இன்னொரு தரம் அமத்தினார்.

"ஓம், இப்ப பிடிக்குது," என்றார்.

அவர் முகத்தில் இருந்தது நிம்மதியா, ஏமாற்றமா என்று இன்றுவரைக்கும் எனக்கு விளங்கவில்லை. எண்ணெய்ப் போத்தல் என் கைப்பைக்குள் இருந்தது. நான் ஏறி மிதித்தேன்.