மலைப் பக்கம் ஒரு குழாய்

சந்தவாசலில் இந்த வாரம் திரும்பின பக்கமெல்லாம் போஸ்டர். சனிக்கிழமை கோயிலில் வாய்ப்பாட்டுக் கச்சேரி - வயலின், மிருதங்கத்தோடு. ஞாயிற்றுக்கிழமை வேலூரிலிருந்து மெல்லிசைக் குழு; டிரம்ஸ் உண்டாம். அடுத்த வியாழன் தர்காவில் வாணியம்பாடிக்காரர்களின் கவ்வாலி. பாட்டு எதுவானாலும் மைக்செட் மட்டும் ஒன்றுதான்... நம் ரஹீம் பாயுடையது.

திங்கட்கிழமை காலை பொன்னன் புளி கொண்டுவந்தார். மேலே மலை விளிம்பில் அவருடைய ஊர். வருடா வருடம் எங்கள் வீட்டுக்கு அவர் மரத்துப் புளிதான். கூடையை இறக்கியவர், எதிர்ச் சுவர் போஸ்டரை எழுத்துக்கூட்டிப் படித்துவிட்டு அப்படியே நின்றார்.

"சனிக்கெழமையா போட்டுக்கிறாங்க?"

"ஆமாம். வர்றீங்க இல்ல?"

"எங்க வர்றது... புதன்கெழம எங்க ஊர்த் திருவிழாவுக்குக் காப்பு கட்றாங்க. அடுத்த வாரம்தான் கட்டுவாங்கன்னு நெனச்சிக்கினு இருந்தேன். கட்டிட்டா பத்து நாளைக்கு ஊர் எல்லையத் தாண்டக் கூடாதுங்க."

"ஒரு சாயங்காலம்தானே? இறங்கி வந்துட்டுப் போனா யாருக்குத் தெரியப் போகுது?"

என் புத்தி அப்படி. அவர் கோபப்படக்கூட இல்லை.

"எனக்குத் தெரியுமேங்க."

அவரே தொடர்ந்தார்.

"பாட்டு அவ்ளோவா புரியாதுங்க. பிடிலு புரியும். வருசத்துல ஒரு வாட்டிதான் அத்த கேக்கறது. முன்னல்லாம் எறங்கவே வேணாம். பாறை மேல குந்திக்கினா கொழாய்ல எல்லாம் வந்துடும். போன வருசம் இன்னா ஆச்சோ, எங்க பக்கத்துக் கொழாய அவுத்துட்டாங்க."

என்ன ஆச்சு என்று எனக்குத் தெரியும். உங்களுக்கும் தெரியும் - போன வருடம் இந்தப் பத்திரிகையில் இதே பக்கத்தில்தானே படித்தீர்கள்? கோயிலுக்கு மலைப் பக்கத் தெருவில் என் வீடு. 'காதைக் கிழிப்பதுதான் பக்தியா?' என்று அந்த ஒலிபெருக்கிக் குழாயைப் பிடித்து வாங்கு வாங்கென்று வாங்கியிருந்தேன். எத்தனை பாராட்டுக் கடிதங்கள்! விழாக் கமிட்டியார் மறுபேச்சில்லாமல் அந்தக் குழாயை இறக்கினார்கள். எழுத்துக்கு என்ன சக்தி பார்த்தாயா என்று வீட்டில் பீற்றிக்கொண்டேன். ஜன்னலைத் திறந்து வைத்துத் தூங்கினேன்.

பொன்னன் வெறுங்கூடையோடு போய்விட்டார். எனக்கு வெட்கமாக இருந்தது. சட்டையை மாட்டிக்கொண்டு நேரே பாய் கடைக்குப் போனேன்.

"பாய், மலையைப் பார்த்து ஒரு குழாய் கட்டணும்."

ஆம்ப்ளிஃபயரைக் குடைந்துகொண்டிருந்தவர் நிமிர்ந்தார்.

"இன்னா சார் இது? அவுக்கச் சொல்லி எழுதுனதே நீங்கதான?"

"நான்தான்."

"கமிட்டில கேட்டா?"

"அதுவும் நான்தான்னு சொல்லுங்க."

பாய் சிரித்தார். "அப்பறம் வூட்ல தூக்கம் போச்சுன்னு எங்கிட்ட வரக் கூடாது... ஆமா."

புதன் மாலை ஆறரை. மேலே காப்புக் கட்டி முடித்திருப்பார்கள். பாய் தானே கோயிலை ஒட்டிய கடைவீதிப் புளியமரத்தில் ஏறிக் குழாயை மலைப் பக்கம் திருப்பிக் கட்டினார். கட்டிவிட்டு உதட்டைப் பிதுக்கினார்.

"எதுர்க்காத்து சார். போய்ச் சேருதோ இல்லியோ."

"ஹலோ... மைக் டெஸ்டிங்... ஒன்... டூ... த்ரீ..." ஒரு வயலின் இசைத்தட்டைப் போட்டார். பிறகு மைக்கை வாயருகே பிடித்து, "மலை மேல பொன்னன் அண்ணே! கேக்குதாண்ணே? கேட்டா ஒரு பந்தம் கொளுத்திக் காட்டுங்க!"

மலை கம்மென்றிருந்தது. ஐந்து நிமிடம்... பத்து நிமிடம்... தட்டு முடிந்து ஊசி கரகரத்தது. பாய் மறுபடி முதலிலிருந்து வைத்தார். அவர் முகத்தை நான் பார்க்கவில்லை. கேட்காவிட்டால் பொன்னனுக்கு இந்த வருடம் பிடில் இல்லை. காரணம் நான்.

அப்புறம் பாறைப் பக்கம் ஒரு வெளிச்சம். இடமும் வலமுமாக ஆடியது.

"பொன்னன்!" என்று கத்தியேவிட்டேன். கடைவீதியில் நாலு பேர் திரும்பிப் பார்த்தார்கள்.

அந்த வெளிச்சத்துக்குப் பக்கத்தில் இன்னொன்று. கொஞ்சம் தள்ளி இரண்டு. அதற்கும் மேலே, வீடுகள் இருக்கிற இடத்தில், வரிசையாக... எண்ணுவதை விட்டுவிட்டேன். பொன்னன் ஒருவர்தான் என்று நினைத்தேனே! நான் ஒருவன் தூங்குவதற்காக ஓர் ஊரே போன வருடம் கச்சேரி இல்லாமல் இருந்திருக்கிறது.

பாய்க்கு உற்சாகம் தாங்கவில்லை. "சனி, ஞாயிறு, வியாழன் - மூணு நாளும் கொழாய் உங்க பக்கம்தான்! நம்ம சார்தான் கட்டச் சொன்னாரு!"

மலையில் பந்தங்கள் இன்னும் வேகமாக ஆடின. எனக்கு நன்றி சொல்கிறார்களாம்!

போன வருடம் அவிழ்க்க வைத்ததும் இதே சார்தான் என்பதைப் பாய் மைக்கில் சொல்லவில்லை. நல்ல மனுஷர். அதனால் நானே எழுதிவிட்டேன் - பொன்னன் எழுத்துக்கூட்டிப் படிப்பார்.