மாமா பேசியது போக மீந்த பாட்டு

என் மகள் கைபேசியில் பழைய ராக் பாட்டுகளாக நூற்றுப் பதினான்கு ஏற்றிக் கொடுத்திருக்கிறாள். எண்ணிப் பார்த்துவிட்டுத்தான் சொல்கிறேன். காலையில் நடக்கும்போது கேட்க வேண்டுமாம். தொண்டிக் கடற்கரையில் உலர்த்திய வலைகளுக்கு நடுவே ஆள் நடக்க இருப்பதே ஒரு முழ இடம். அதில் காதையும் அடைத்துக்கொண்டு போனால், பின்னால் வருகிற மீன் வண்டி என்னிடம் சொல்லிவிட்டா இடிக்கும்? இருந்தாலும் கேட்டேன். நூற்றுப் பதினான்கில் எனக்கு முன்பே தெரிந்தவை மூன்று. அதில் இரண்டைக் கெடுத்து வைத்திருந்தார்கள். இரண்டுக்கும் தொடக்கம் இருந்தது.

எனக்குத் தெரிந்து அவற்றுக்குத் தொடக்கம் கிடையாது. ஒன்று, தொண்டை கிழியக் கத்தும் ஒருவனின் பாதிக் கத்தலில் ஆரம்பிக்கும். இன்னொன்றில் கிதார் ஒன்று படிப்படியாக ஏறிக்கொண்டிருக்கும். நாம் போய்ச் சேரும்போது அது பாதி மாடி ஏறியிருக்கும். இரண்டுக்கும் முன்னால் என் மாமாவின் குரல் இருக்க வேண்டும். "வேற என்ன, எல்லாரும் துஆ செய்ங்க, அஸ்ஸலாமு அலைக்கும்." பிறகு 'டக்' என்று ஒரு சத்தம். பிறகுதான் பாட்டு. அந்த 'டக்' இல்லாமல் அந்தப் பாட்டுகளை எப்படித்தான் உலகம் இத்தனை வருஷம் கேட்டதோ.

மாமா என் உம்மாவின் தம்பி. வளைகுடாவில் வேலைக்குப் போயிருந்தார். தாய் தகப்பன் இல்லாததால் உம்மாதான் அவரை வளர்த்தார். கல்யாணம் முடிந்து மூன்றாவது மாதமே மாமா கிளம்பிவிட, மாமி எங்கள் வீட்டிலேயே இருந்தார். அந்தக் காலத்தில் அங்கிருப்பவர்கள் கடிதத்துக்குப் பதில் கேசட்டில் பேசி, ஊருக்கு வருகிறவர்கள் கையில் கொடுத்தனுப்புவார்கள். மாமா புதுக் கேசட் வாங்க மாட்டார். அவரோடு அறையில் இருந்த யாரோ கேட்டுச் சலித்துக் கழித்த பாட்டுக் கேசட்டின் மேல் ஓரத்தில் இருக்கும் இரண்டு சின்ன ஓட்டைகளிலும் காகிதத்தைத் திணித்து அடைப்பார். அடைத்தால்தான் அதில் பேசிப் பதிய முடியும். முதல் பக்கம் வீட்டில் எல்லாருக்கும். மறுபக்கம் மாமிக்கு மட்டும். மாமா பேசிய வரைக்கும் பாட்டு அழிந்துபோகும். பேசி முடித்த இடத்திலிருந்து மிச்சப் பாட்டு கிளம்பும்.

முதல் கேசட் வந்த அன்று கூடத்தில் பாய் விரித்து, டேப் பெட்டியைச் சுற்றி எல்லாரும் உட்கார்ந்தோம். மாமா இருபத்து மூன்று பேருக்குச் சலாம் சொன்னார். உம்மா, வாப்பா, மாமி, தெருவில் உள்ளவர்கள், இராமநாதபுரம் பஸ் கண்டக்டர், எங்கள் ஆடு. இருபத்து மூன்றாவதாக நான்.

"மருமவனே, ஒழுங்கா ஓதுறியாலே? கடக்கரைப் பக்கம் போனேன்னு கேள்விப்பட்டேன், அங்கன வந்து காலை ஒடிப்பேன்."

சலாம், டக், அப்புறம் அந்தக் கத்தல். உம்மா தலை முக்காட்டோடு பின்னால் சாய்ந்துவிட்டார்.

வாப்பா அசையாமல் சொன்னார்: "ஒந் தம்பிக்குப் பக்கத்துல யாரையோ அறுக்குறாய்ங்க."

"நிப்பாட்டுலே! நிப்பாட்டு!" என்றார் உம்மா.

நிறுத்தும் பொத்தான் என் பொறுப்பு. அதை நான் தேடிக்கொண்டிருந்தேன், அது என் விரலுக்கு அடியிலேயே இருந்தும். அப்படி ஒரு சத்தத்தை நான் அதற்கு முன் கேட்டதில்லை. எங்களுக்குத் தெரிந்த பாட்டுகளில் பாடுகிறவர் நமக்கு எதிரே உட்கார்ந்து நிதானமாகப் பாடுவார். இவன் புயலில் படகைவிட்டு விழுந்தவன்போலக் கூப்பிட்டான். இவனுக்கு என்ன ஆயிற்று, யாராவது போய்த் தூக்கினார்களா என்று தெரிந்துகொள்ளாமல் எப்படி நிறுத்துவது? ஒரு சொல்கூடப் புரியாததால் கவலை இன்னும் கூடியது.

வாப்பா கடைக்குப் போனபின் மத்தியான நேரத்தில், சத்தத்தைக் குறைத்து வைத்துக் கேட்டுக்கொள்ள மாமி எனக்கு அனுமதி வாங்கிக் கொடுத்தார். முதல் பக்கத்து மிச்சம் மட்டும். மறுபக்கத்தை மாமி கதவைச் சாத்திக்கொண்டு கேட்பார். அதில் எனக்கு எதுவும் மிஞ்சாது என்று சிரிப்பார். நாடா தீருகிற வரைக்கும் மாமா பேசியிருந்தார்.

நாங்கள் பதில் பதிந்து அனுப்பினோம். என் முறை வந்ததும் நான் ஓதுவதைப் பற்றியோ பள்ளிக்கூடத்தைப் பற்றியோ சொல்லவில்லை. "மாமா, நீங்க கொஞ்சமாப் பேசுங்க. பாட்டை நெறைய விட்டு வைங்க" என்றேன். வாப்பாவே சிரித்துவிட்டார். மாமி என் தலையில் குட்டி, "எனக்கு வேட்டு வைக்கிறியாலே?" என்றார். அந்தக் குட்டும் சிரிப்பும் கேசட்டில் பதிந்து அப்படியே போயின.

மாமா நான் கேட்டதை நிறைவேற்றினார். இரண்டாவது கேசட்டில் சலாம் பதினொருவருக்குத்தான். ஆடும் கண்டக்டரும் போய்விட்டார்கள். கிதார் படியேறும் பாட்டு அதில்தான் வந்தது. அது எங்கே ஏறுகிறது, மேலே என்ன இருக்கிறது என்று பல நாள் யோசித்தேன். மூன்றாவதில் ஐந்து பேர். என் பெயரே இல்லை. எனக்கு அது உறைக்கவில்லை. எனக்காகப் பேசும் நேரத்தையும் பாட்டுக்கே விட்டுக்கொடுத்திருக்கிறார் என்று நினைத்தேன். "சொகமா இருக்கேன், சொகமா இருக்கேன்" என்று இரண்டு தடவை சொன்னார். அந்தக் கேசட்டின் மறுபக்கத்தைக் கேட்டுவிட்டு மாமி சீக்கிரமே கதவைத் திறந்தார்.

"இந்தப் பக்கமும் ஒனக்குப் பாட்டு இருக்குலே" என்றார். இந்தத் தடவை சிரிக்கவில்லை.

நான்காவது கேசட்டை ஏர்வாடிக்காரர் ஒருவர் கொண்டுவந்தார். தேநீர் ஆறட்டும் என்றுகூட உட்காராமல், "இருக்காப்ல, நல்லாத்தான் இருக்காப்ல" என்று சொல்லிக்கொண்டே போய்விட்டார். பாய் விரித்தோம். பொத்தானை அழுத்தினேன். தனியாக ஒரு கம்பி மெல்ல அதிர்ந்தது. பிறகு இன்னொன்று. அதன்மேல் ஒரு குரல் மெதுவாக வந்து உட்கார்ந்தது. என் வாழ்க்கையில் முதல்முறையாக ஒரு பாட்டை அதன் தலையிலிருந்து கேட்டேன்.

"பேசுவான், பொறு" என்றார் வாப்பா.

அந்தப் பாட்டு முடிந்தது. அடுத்தது தொடங்கியது. யாரையும் அறுப்பதாக வாப்பா சொல்லவில்லை. உம்மா நிறுத்தச் சொல்லவில்லை. மறுபக்கத்தைத் திருப்பிப் போட்டார்கள். அங்கேயும் முரசுச் சத்தம். நான் கேசட்டை வெளியே எடுத்துப் பார்த்துவிட்டுக் கத்தினேன்: "மாமி! ஓட்டையை அடைக்கவே இல்ல! முழுப் பாட்டும் அப்படியே இருக்கு!"

மாமி அதை வாங்கி, அந்த இரண்டு ஓட்டைகளையும் பெருவிரலால் தடவிப் பார்த்தார்.

மாமா அடுத்த வருஷம் ஒரு பையோடு திரும்பி வந்தார். வேலை பார்த்த இடத்தை மூடிவிட்டார்களாம். சம்பளமும் இல்லை, திரும்பப் பயணச்சீட்டும் இல்லை. ஒரே அறையில் பலர் முடங்கிக் கிடந்தார்களாம். நான் பெரியவனான பிறகு ஒருநாள் வாப்பாவிடம் அவர் சொன்னது காதில் விழுந்தது. "பேசத்தான் ஒக்காந்தேன் மச்சான். சொகமா இருக்கேன்னு சொல்ல வாய் வரல. வேற எதைச் சொன்னாலும் அவ தாங்க மாட்டா. ஆளை வெறுங்கையா அனுப்ப வேணாமேன்னு அதை அப்படியே கொடுத்து விட்டேன்."

நான்காவது கேசட் வந்த அன்று மத்தியானம் இது எதுவும் எங்களுக்குத் தெரியாது. மாமி கதவைச் சாத்தவில்லை. என்னையும் பக்கத்தில் உட்கார்த்திக்கொண்டு கேசட்டை முதலிலிருந்து போட்டார். ஒரு பக்கம் முழுக்க. பிறகு மறுபக்கம் முழுக்க. பாட்டுக்கும் பாட்டுக்கும் நடுவே வருகிற அமைதியில் முகத்தைப் பெட்டியின் அருகே கொண்டுபோவார். அடுத்த பாட்டு தொடங்கியதும் நிமிர்வார். மாமிக்கும் ராக் பாட்டு பிடித்துப்போய்விட்டது என்று எனக்கு ஒரே பெருமை. எந்த இடம் நல்ல இடம் என்று கை காட்டிச் சொல்லிக்கொண்டே வந்தேன். எல்லாவற்றுக்கும் தலையாட்டினார்.

நாடா தீர்ந்து பொத்தான் தானாக மேலே வந்தது.

"ஏலே, அன்னைக்கு நாம பதிஞ்சு அனுப்பினமே, அதுல நீ ஒங்க மாமாட்ட என்ன சொன்ன?"

"கொஞ்சமாப் பேசுங்க, பாட்டை நெறைய விட்டு வைங்கன்னு சொன்னேன்."

"இன்னொருக்கச் சொல்லு."

சொன்னேன்.

"அப்ப நீ கேட்டேன்னுதான் முழுசும் விட்டு வச்சிருக்காக. அப்படித்தானே?"

"ஆமா மாமி. நாந்தானே கேட்டேன்" என்றேன்.

மாமி என் கையை எடுத்து மடியில் வைத்து இறுக்கிப் பிடித்துக்கொண்டார். கேசட்டைத் திருப்பிப் போட எனக்கு அந்தக் கைதான் வேண்டியிருந்தது. ஏன் விட மாட்டேன் என்கிறார் என்று தெரியாமல், நான் மெல்ல இழுத்துப் பார்த்துக்கொண்டே இருந்தேன்.